சிறு கடையின் இணையதளத்திற்குக் கூகுள் அனலிடிக்ஸ்: மார்த்தாண்டத்துத் தேன் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

மார்த்தாண்டத்தைச் சுற்றித் தேன் விற்கும் எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் பலரும் இப்போது சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். தளத்தை அமைத்துத் தருபவர்கள், இந்த மாதம் இத்தனை ஆயிரம் ஹிட் என்று மாதந்தோறும் ஒரு கணக்கும் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த எண்ணுக்கும் வந்து சேரும் ஆர்டருக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் புரிவதில்லை. தளத்திற்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவியான கூகுள் அனலிடிக்ஸின் தற்போதைய பதிப்பான ஜிஏ4-ஐ எங்கள் தளத்தில் பயன்படுத்திவரும் அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். இதற்குக் கட்டணம் இல்லை, கணக்கும் பெருமளவு நம்பத் தகுந்தது. ஆனால் நிறுவியபடியே விட்டுவிட்டால், சிறு கடைக்காரர் உண்மையில் கேட்க விரும்பும் கேள்விக்கு இந்தக் கருவி பதில் சொல்லாது என்பதே என் முடிவு.

முதலில் அந்த ஹிட் கணக்கைப் பார்ப்போம். ஹோஸ்டிங் கணக்கின் நிர்வாகப் பக்கமான சி-பேனலுக்குள் இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் போன்ற கருவிகள், தளம் இருக்கும் கணினியான சர்வரின் பதிவேட்டைப் படித்துக் கணக்கிடுகின்றன. பக்கத்தைத் திறக்கும்போது சர்வரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருந்தால், ஒருவர் அதை ஒருமுறை திறந்தாலே பதிவேட்டில் 20-க்கும் மேற்பட்ட ஹிட் ஏறிவிடும். ஆளின்றித் தானாகவே தளங்களைத் திறக்கும் நிரல்களான பாட்கள், தேடுபொறிகளுடையவையும் பிறவும், வந்துபோவதும் அந்தப் பதிவேட்டில்தான் சேர்கிறது. கருவி அவற்றில் தனக்குத் தெரிந்தவற்றை மட்டுமே பிரித்துக் காட்டும். ஜிஏ4 அப்படியல்லாமல், பார்வையாளரின் பிரவுசரில் ஓடும் சிறு நிரல் வழியே கணக்கெடுத்து, அறியப்பட்ட பாட்களை நீக்கிவிடுகிறது. எனவே அதன் எண் வெகுவாகக் குறைந்து தெரிவது இயல்பு. அதைக் கண்டு வியாபாரம் சரிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் இதன் கணக்கில் வராமல் போவதும் உண்டு.

ஜிஏ4-இல் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, பயனுள்ள வருகை என்று அது எதைக் கொள்கிறது என்பதுதான். ஒருவர் 10 விநாடிக்கு மேல் தளத்தில் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கங்களாவது பார்க்க வேண்டும், அல்லது நாம் முக்கியம் என்று குறித்துவைத்த செயல் ஒன்றைச் செய்ய வேண்டும். எங்கள் வாடிக்கையாளரில் ஒரு பகுதியினர் விலையைப் பார்த்த உடனேயே தொலைபேசி எண்ணைத் தட்டிப் பேசிவிடுகிறார்கள். எட்டு விநாடியில் அழைத்து இரண்டு கிலோ தேன் கேட்பவர், இந்த வரையறையின்படி பயனற்ற வருகையாகப் பதிவாகிறார். தேன் உறைவது ஏன் என்ற கட்டுரையை நிதானமாகப் படித்துவிட்டு வாங்காமல் போகிறவர் பயனுள்ளவராகிறார். எங்களைப் போன்ற கடைக்கு இது தலைகீழான கணக்கு.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்பதே இக்கருவியின் பெருமை. வேறு தளத்திற்குச் செல்லும் இணைப்பைத் தட்டுவதை ஜிஏ4 தானாகவே பதிவுசெய்யும். ஆகவே வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டுவது தனி முயற்சியின்றிக் கணக்கில் வந்துவிடும். தொலைபேசி எண்ணைத் தட்டுவது அப்படி வராது. அதை, கணக்கெடுப்பு நிரல்களைத் தளத்தில் சேர்க்க உதவும் கூகுள் டேக் மேனேஜர் வழியாக நாமே ஏற்படுத்த வேண்டும். பிறகு இரண்டையும் முக்கிய நிகழ்வு என்று குறித்துவிட்டால், எந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் அழைக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். தளம் அமைத்துத் தருபவரிடம் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

பார்வையாளர் எங்கிருந்து வந்தார் என்ற பகுதியைச் சற்று எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் நாம் பகிரும் இணைப்பு வழியே வருபவர்கள் பெரும்பாலும், வந்த வழி தெரியாதவர்களுக்கான நேரடி வருகை என்ற தொகுப்பில் விழுந்துவிடுகிறார்கள். இணைப்பின் இறுதியில், வந்த வழியைச் சுட்டும் யூடிஎம் குறிப்புகளைச் சேர்த்து அனுப்பினால்தான், எந்தக் குழுவின் வழியாக வந்தார்கள் என்பது பிரிந்து தெரியும். ஊர்ப்பெயர் இதைவிடவும் சிக்கலானது. இருப்பிடம், இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்து ஊகிக்கப்படுவதால், தக்கலையில் அமர்ந்து மொபைல் டேட்டாவில் திறப்பவர் சென்னைக்காரராகவோ வேறொரு பெருநகரத்தவராகவோ பதிவாகக்கூடும். கேரளத்தின் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் வாடிக்கையாளர் வைத்திருக்கும் நமக்கு, எல்லைக்கு அப்பால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய ஆவல் இருக்கும். ஆனால் ஊர்வாரிக் கணக்கை நம்பி விளம்பரத்திற்குப் பணம் ஒதுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அமைப்புகளில் கட்டாயம் மாற்ற வேண்டியது தரவு வைத்திருக்கும் காலம். தொடக்கத்தில் அது 2 மாதம் என்றே இருக்கும். கட்டணமில்லாப் பயன்பாட்டில் 14 மாதம் வரை நீட்டலாம். ரப்பர் மரங்கள் புதுக் கொழுந்து விடும் காலத்தை ஒட்டித்தான் இங்கே தேன் வரத்து என்பதால், இந்தப் பருவத்தைச் சென்ற பருவத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே நமக்கு உண்மையான ஒப்பீடு. இரண்டு மாதத்தில் விவரம் அழிந்துவிட்டால், நமக்கு வேண்டிய அறிக்கையை நாமே அமைத்துப் பார்க்கும் எக்ஸ்புளோர் பகுதியில் அந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது. முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று புதிய தரவு சேர்ப்பதை நிறுத்தியது. 2024 ஜூலையில் பழைய அறிக்கைகளும் பார்வைக்குக் கிடைக்காமல் போயின. ஆகவே முக்கியமான எண்களை மாதந்தோறும் ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ எழுதிவைப்பது நல்லது. நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுவதையும், அறிக்கைகள் நிறைவுபெற 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும், ஒரு கருவிக்கு மட்டுமே நேரம் ஒதுக்க முடியும் என்பவருக்கு நான் முதலில் சொல்வது கூகுள் சர்ச் கன்சோல்தான். அதுவும் இலவசம், 16 மாத விவரம் வைத்திருக்கும். மக்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் தெரிந்தோம் என்பதை அது காட்டுகிறது. சிறுதேன் விலை என்று தேடியவர்களுக்கு எங்கள் பக்கம் பலமுறை தெரிந்தும் யாரும் தட்டாமல் போனதை அதில்தான் கண்டோம். பக்கத்தின் தலைப்பில் இயற்கைத் தேன் வகைகள் என்று பொதுவாக இருந்ததே தவிர, சிறுதேன் என்ற சொல்லும் இல்லை, விலையும் இல்லை. தலைப்பை மாற்றிய பிறகு அந்தத் தேடலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அழைத்த ஒருவர், இவ்வளவு காலம் சிறுதேன் உங்களிடம் இருப்பதே தெரியாது என்றார்.

மாதம் ஒருமுறை தளத்தைத் திறந்துபார்க்கக்கூட நேரமில்லாத கடைக்காரருக்குச் சர்ச் கன்சோல் போதும். வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் ஆர்டர் எடுப்பவர்கள், அந்த இரண்டு தட்டல்களையும் கணக்கில் கொண்டுவரும் வேலையை முடித்துத் தரும் ஒருவர் கிடைத்தால் ஜிஏ4-ஐயும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.