புற ஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் ஒரே கேமரா: எது தேறும்?

சூரியகாந்தியை 720 நானோமீட்டர் ஃபில்டரில் (அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் கறுப்பு ஃபில்டர்) எடுத்தால் இதழ் முழுக்க வெளுத்துவிடும். அதே பூவைப் புற ஊதாவில் எடுத்தால் இதழ்களின் அடிப்பகுதி கறுத்து, நுனி மட்டும் வெளிச்சமாக நிற்கும். தேனீக்கு வழிகாட்டும் வட்டம் அதுதான். இந்த இரண்டு படத்தையும் ஒரே பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) எடுக்கணும் என்று தேட ஆரம்பித்து மூன்று மாதம் போனது. கடைசியில் நான் வாங்கியது, ஏற்கெனவே ஃபுல் ஸ்பெக்ட்ரமாக மாற்றப்பட்ட பழைய சோனி ஏ6000. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரா, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸா என்று யோசிக்கவே வேண்டாம். கறுப்பு ஃபில்டரை மாட்டினால் டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அதன் ஃபோகஸைத் தனியாக ஒரு சென்சார் பார்ப்பதால் அகச்சிவப்பில் தள்ளியும் போகும். மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. மெகாபிக்ஸலையும் மறந்துவிடலாம்.

சிலிக்கான் சென்சார் இயல்பிலேயே ஏறக்குறைய 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். 400க்குக் கீழேயும் கொஞ்சம் பார்க்கும். அதன் கண்ணைக் கட்டி வைத்திருப்பது, அகச்சிவப்பையும் புற ஊதாவையும் நிறுத்த முன்னால் வைத்திருக்கும் தடுப்பு ஃபில்டர். அதை எடுத்துவிட்டுத் தெளிந்த கண்ணாடி வைப்பதுதான் ஃபுல் ஸ்பெக்ட்ரம் மாற்றம். சிலர் அந்த இடத்தில் 720 ஃபில்டரையே பதித்துவிடுவார்கள். அகச்சிவப்பு மட்டும் போதும் என்றால் அதுவே சுகம்: லென்ஸில் எதையும் மாட்ட வேண்டாம், கையில் பிடித்தே எடுக்கலாம். ஆனால் புற ஊதா அத்தோடு போச்சு.

கம்பெனியே செய்து விற்றவையும் உண்டு. ஃபியூஜிஃபிலிம் 2015இல் எக்ஸ்-டி1 ஐஆர் கொண்டுவந்தது. தடய அறிவியல், மருத்துவம் போன்ற வேலைகளுக்கான பாடி அது. அதற்குச் சொல்லப்பட்ட எல்லை சுமார் 380 முதல் 1000 நானோமீட்டர். அகச்சிவப்புக்கு அருமை. ஆனால் பூப்படம் எடுப்பவர்களுக்கு வேண்டியது 365ஐ ஒட்டிய பகுதி. 380 என்பது வாசல்படி மட்டும்தான். சிக்மா எஸ்டி குவாட்ரோவில் தடுப்பு ஃபில்டரை நாமே விரலால் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். யோசனை அபாரம். அதை நான் ஒரு மதியப்பொழுது மட்டுமே கையாண்டேன், அதனால் பெரிதாகத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். லென்ஸ் மாட்டும் மவுன்ட் முகத்திலிருந்து சென்சார் வரை 44 மில்லிமீட்டர் என்பதால் பழைய லென்ஸ்களைப் பொருத்த இடம் குறைவு என்பது மட்டும் உறுத்தியது. சோனி இ-மவுன்ட்டில் அந்தத் தூரம் 18தான்.

சின்ன சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்கள் பக்கம் எனக்கு ஆசை இருந்தது. 720 ஃபில்டரோடு பச்சை இலையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்ற நிறக் கணக்கு) எடுத்தால், நான் முயன்ற பாடிகள் முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொண்டன. இதில் என் பாடிக்கு இரண்டாம் இடம்தான். ஆனாலும் ரா கோப்பில் (சென்சார் பதிந்த மூலத் தரவு) பின்னால் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் ஒயிட் பேலன்ஸ் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது என்பதால் தனி டிஎன்ஜி ப்ரொஃபைல் (நிறத்தைத் திருத்தும் கோப்பு) ஒன்று செய்ய வேண்டும், அவ்வளவே.

பின்னால் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. தேர்வை முடிவுசெய்ததே அதுதான்.

சில மிரர்லெஸ் பாடிகளுக்குள் ஷட்டர் எங்கே நிற்கிறது என்று கண்காணிக்க ஒரு சின்ன அகச்சிவப்பு எல்ஈடி எரிந்துகொண்டே இருக்கும். சாதாரண கேமராவில் தடுப்பு ஃபில்டர் அதை விழுங்கிவிடும், யாருக்கும் தெரியாது. ஃபில்டரை எடுத்ததும் அந்த வெளிச்சம் நேரே சென்சாரில் விழும். அகச்சிவப்புப் படத்துக்கு வெயிலில் 1/200 நொடி போதும் என்பதால் கசிவு கண்ணில் படாது. புற ஊதா அப்படியில்லை. சென்சார் மேலிருக்கும் நிறச் சாயங்களும் நுண்லென்ஸ்களும் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நல்ல வெயிலிலும் எஃப்8, ஐஎஸ்ஓ 800 வைத்து மூன்று, நான்கு நொடி திறந்து வைக்கிறேன். அந்த நான்கு நொடியும் உள்ளே விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் முன்னால் எவ்வளவு உயர்ந்த ஃபில்டர் மாட்டினாலும் பயனில்லை, திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்த ஃபுல் ஃப்ரேம் பாடியில் இதை நேரில் கண்டேன். பெயர் வேண்டாம். படத்தின் கீழ் ஓரத்திலிருந்து பால் சிந்தியது போல ஒரு வெளிறிய பட்டை மேலே ஏறியிருந்தது. எக்ஸ்போஷரைக் கூட்டக் கூட்டப் பட்டையும் வளர்ந்தது. மோசம் என்னவென்றால், மாற்றுவதற்கு முன்னால் இதைச் சோதிக்க வழியில்லை. தடுப்பு ஃபில்டர் இருக்கும்வரை எல்லாம் சுத்தமாகவே தெரியும். புது பாடி வாங்கி, வாரண்டியை இழந்து, அறுத்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரியும். அதனால்தான் ஏற்கெனவே மாற்றிய, பழைய பாடிக்குப் போனேன்.

மாற்றிய பாடியில் சோதனை எளிது. இருட்டறையில் பாடி மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 3200இல் 30 நொடி எடுத்து, ரா கோப்பில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பாருங்கள். ஓரத்தில் மேகம் மாதிரி ஏதாவது எழுந்தால் வேண்டாம். நான் முதல் தடவை இதைப் பகல் வெளிச்சத்தில் செய்து, நல்ல பாடியையே ஒதுக்கப் பார்த்தேன்! சில கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் அகச்சிவப்பை உள்ளே விடும். கசிந்தது மூடி, கேமரா அல்ல. மூடிமேல் அலுமினியத் தாள் சுற்றியதும் படம் கன்னங்கரேலென்று வந்தது.

ஏ6000இல் சென்சாரை அசைக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. இதைக் குறையாகச் சொல்வார்கள். புற ஊதாவில் ட்ரைபாட் இல்லாமல் நடக்காது, அகச்சிவப்பில் ஷட்டர் வேகமாகவே ஓடும். எனக்கு அது எங்கே தேவைப்படப்போகிறது? நகராத சென்சாரைப் பிரித்து மாற்றுவதும் சுலபம்.

வாங்கும்போது விற்பவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: உள்ளே வைத்தது எந்தக் கண்ணாடி? குவார்ட்ஸ் என்றால் நிம்மதி. வெறும் 'கிளியர்' என்று மழுப்பினால், புற ஊதாவை வெட்டும் கண்ணாடியாகவோ கோட்டிங்காகவோ இருக்கலாம். மாதிரிப் படம் கேளுங்கள்.

லென்ஸுக்கு நிக்கானின் யுவி-நிக்கோர் 105 எஃப்4.5 பக்கம் போகவே வேண்டாம், குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் போட்டுச் செய்தது, விலையைக் கேட்டால் கேமரா இலவசம் என்று தோன்றும். என்லார்ஜரில் (ஃபிலிமைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) இருந்த பழைய உலோக உடல் எல்-நிக்கோர் 80 எஃப்5.6ஐ ஒரு ஹெலிகாய்டில் (ஃபோகஸுக்காக முன்னும் பின்னும் நகரும் திருகுக் குழாய்) திருகி மாட்டியிருக்கிறேன். முன்னால் புற ஊதாவை மட்டும் விடும் பாடர் யு ஃபில்டர். அதற்குப் பதில் யுஜி11 என்ற புற ஊதாக் கண்ணாடியை மட்டும் போட்டால் 700ஐ ஒட்டி அகச்சிவப்பு நுழைந்துவிடும், கூடவே அகச்சிவப்பைத் தடுக்கும் எஸ்8612ஐ அடுக்க வேண்டும். முதலில் யுஜி11ஐ மட்டும் வைத்து ஒரு காலை முழுக்க எடுத்தேன். ஒரு பூவிலும் கறுப்பு வட்டம் இல்லை. எடுத்ததில் பெரும்பகுதி அகச்சிவப்பு என்பதை இலைகள் பளிச்சென்று வெளுத்திருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.