இலைக்கு எது குறைகிறது: வெயிலா, காபனீரொட்சைட்டா?

ஒளித்தொகுப்புக்கு ஒளியும் வேண்டும், காபனீரொட்சைட்டும் வேண்டும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் இந்த இலைக்கு, இந்த நேரத்தில், இரண்டில் எது பற்றாக்குறை என்று கேட்டால் பெரியவர்களே தடுமாறுவார்கள். 1905இல் பிளாக்மன் என்ற பிரித்தானியத் தாவரவியலாளர் இதற்கு ஒரு விதி சொன்னார்: பல காரணிகளில் தங்கியிருக்கும் ஒரு தொழிற்பாட்டின் வேகத்தை, மிகக் குறைவாக உள்ள காரணியே தீர்மானிக்கும். திருகோணமலைத் தோட்டக்காரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை என்பது என் எண்ணம்.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட ஒரு கண்ணாடிப் பாத்திரம் போதும். ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தின் துண்டொன்றை வெட்டுமுனை மேலே பார்க்க நீரில் அமிழ்த்தி, விளக்கை 40 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். ஒளித்தொகுப்பில் வெளிவரும் ஒட்சிசன், தண்டின் நுனியில் குமிழிகளாக ஒவ்வொன்றாகத் திரண்டு விடுபடும். விளக்கை 20 சென்ரிமீற்றருக்கு நகர்த்தினால் ஒளி நான்கு மடங்காகும், குமிழிகளும் விரைவுபடும். இன்னும் நெருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடாது. அப்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடாவை நீரில் கரையுங்கள்; அது தண்டுக்குக் காபனீரொட்சைட்டைக் கொடுக்கும். ஒளி அப்படியே இருக்க, குமிழிகள் மறுபடி விரைவுபடும். அதுவரை குறைவாக இருந்தது எது என்பதை அந்தத் தண்டே சொல்லிவிடுகிறது.

இனி வெளியே வருவோம். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் ஒளி விழுகிறது. நெல், மிளகாய், கத்தரி போன்றவற்றின் தனி இலைக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். காபனீரொட்சைட்டோ வளியில் பத்து இலட்சத்துக்கு 420 பங்கை அண்டித்தான் இருக்கிறது. அதைக் கூட்டினால் இந்த இலைகள் இன்னும் வேகமாக வேலை செய்யும். வெட்டவெளியில், நண்பகலில், மேலிலைக்கு வெயில் குறைவில்லை, காபனீரொட்சைட்டுத்தான் தடை.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்னும் வறண்ட தென்மேல் காற்று வீசும்போது இந்தத் தடை மேலும் இறுகுகிறது. ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறை உள்ளே எடுக்க, இலை சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. அந்த வறண்ட சூட்டில் அவ்வளவு நீரை இழக்கமுடியாமல், இலைவாய்கள் எனப்படும் இலையின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. கத்தரி இலையின் பின்பக்கத்தைக் காலையில் தொட்டால் குளிர்ச்சி தெரியும். நண்பகலில் தொட்டால் சுடும். இலையிலிருந்து நீர் ஆவியாகும் ஆவியுயிர்ப்பு குறைந்துவிட்டதன் அடையாளம் அது. உள்ளே காபனீரொட்சைட்டுக் குறைய, அதைப் பிடிக்கவேண்டிய ரூபிஸ்கோ நொதியம் ஒட்சிசனைக் கூடுதலாகப் பற்றத் தொடங்கி, சேர்த்த காபனில் ஒரு பகுதியை ஒளிச்சுவாசத்தில் இழக்கவைக்கிறது. அப்போது விழும் மிகை ஒளி இலைக்கு உதவாது; ஒளியைப் பிடிக்கும் அமைப்பையே சிதைக்கவும் கூடும். சோளமும், ஒருகாலத்தில் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலைக்காக வளர்க்கப்பட்ட கரும்பும் இதற்கு விலக்கு. அவை காபனீரொட்சைட்டை உள்ளே செறிவாக்கி வைத்துக்கொள்வதால் உச்சி வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளும்.

அப்படியானால் ஒளி தோற்றுவிட்டதா? தனி இலையை விட்டு முழு வயலைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஓர் இலை தன்மேல் விழும் பயனுள்ள ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உறிஞ்சிவிடும். அடர்ந்து நிற்கும் நெல்லில் கீழிலைகள் பட்டப்பகலிலும் ஒளிப் பஞ்சத்தில்தான் இருக்கின்றன. வடகீழ்ப் பருவமழை மேகங்கள் கவிந்திருக்கும் பெரும்போகத்தில் இது இன்னும் கடுமை. தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ குளத்து நீர் தட்டுப்பாடின்றிக் கிடைத்தால், சிறுபோக வெயில் நெல்லுக்கு வரம்.

காபனீரொட்சைட்டைச் செயற்கையாகக் கூட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குளிர்நாட்டுக் கண்ணாடி வீடுகளில் பத்து இலட்சத்துக்கு 800 முதல் 1000 பங்கு வரை உயர்த்துகிறார்கள், பலனும் கிடைக்கிறது. இங்கே வீட்டை மூடினால் பயிர் வெந்துவிடும். திறந்தால் வாயு போய்விடும். வளியில் அது தானாகவே கூடிவருகிறதே என்று மகிழவும் முடியாது. அதனால் நெல் விளைச்சல் ஓரளவு கூடினாலும், அரிசியில் புரதமும் நாகம் (சிங்க்) என்ற தாதுச்சத்தும் குறைவதைத் திறந்தவெளிப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. சோற்றை நம்பி வாழும் நமக்கு அது சிறிய இழப்பில்லை.

எனவே நிலாவெளியில் மிளகாய் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு இதுதான்: கச்சான் காலத்தில் இலைவாயைத் திறந்து வைத்திருப்பதே முதல் வேலை. மென்மையான நிழல் வலை கட்டுங்கள். கொஞ்சம் ஒளி போனாலும் இலை குளிர்ந்து காபனீரொட்சைட்டு உள்ளே வரும். வேரடிக்கு வைக்கோல் மூடாக்கு இடுங்கள். நீரை நண்பகலுக்கு வைக்காமல் விடியலிலேயே பாய்ச்சுங்கள், ஏனென்றால் வெளிச்சமும் திறந்த இலைவாயும் ஒன்றாகக் கிடைப்பது காலை வேளையில்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் வலையைக் கழற்றி, தோட்டத்துக்கு மேல் கவிந்த மாங்கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.