பிளம் கேக்கா, ஆப்பிள் பையா, தனி பிஸ்கட்டா: வீட்டு நாய்க்கு எதில் பங்கு?

ஓவன் சூடாகத் தொடங்கியதுமே வாசலில் படுத்திருந்த நாய் சமையலறைக்கு வந்துவிடும். வெண்ணெய் மணம் மட்டும் காரணமல்ல, நாய்க்கு இனிப்புச் சுவை தெரியும். பூனைக்குத் தெரியாது, அதற்கான மரபணு பூனையிடம் செயலிழந்துவிட்டது. வீட்டில் இருப்பது லாப்ரடார் என்றால் கேட்கவே வேண்டாம். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்கியதை உணர்த்தும் மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். ஆகவே “பாவம், வாயையே பார்க்கிறது” என்பதைப் பசிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த வாதம், “பழம்தானே, என்ன செய்துவிடும்?” என்பது. எந்தப் பழம், அதோடு என்னென்ன சேர்ந்தது என்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். வீடுகளில் அதிகம் செய்யப்படும் மூன்று பண்டங்களையும், நாய்க்கென்றே சுடும் பிஸ்கட்டையும், சுடாத பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பிளம் கேக். இதில் ஒப்பிட எதுவுமே இல்லை. ஒரு துணுக்கும் கூடாது. உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது. பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ் எல்லாம் ஒன்றுதான். சில நாய்கள் கைநிறையத் தின்றும் தப்பிக்கின்றன. சிலவற்றுக்குக் கொஞ்சமே போதுமானதாக இருக்கிறது. இந்தப் புதிருக்கு 2021இல் ஒரு விடை வந்தது. பேக்கிங்கில் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டாரைச் சேர்த்து வீட்டிலேயே பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் திராட்சை தின்ற நாய்க்கும் ஒரே விதமான சிறுநீரகப் பாதிப்பு இருந்ததை அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் கவனித்தார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது டார்டாரிக் அமிலம், குற்றவாளி அதுவாகவே இருக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு. திராட்சையின் ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து அந்த அமிலம் கூடும், குறையும். அதனால் ‘இத்தனை திராட்சை வரை பரவாயில்லை’ என்று சொல்ல ஒரு கணக்கும் கிடையாது. அதே அமிலம் நம் புளியிலும் நிறைய இருக்கிறது என்பது தமிழ்ச் சமையலறைக்கான உபரிச் செய்தி.

இதற்கு மேல் பிளம் கேக்கில் ரம்மும் உண்டு. வாரக்கணக்கில் ஊறிய பழத்தில் இருக்கும் சாராயம் ஓவன் சூட்டில் முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. ஜாதிக்காய் வேறு, அதுவும் அளவு மிஞ்சினால் நாய்க்கு ஆகாது. திராட்சைகளைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேக்கை உதிர்த்துப் பாருங்கள்: பாதித் திராட்சை நசுங்கி, சாறு மாவோடு மாவாகப் போயிருக்கும். பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸும் இதே கிஸ்மிஸ்தான். கிறிஸ்துமஸுக்கு எச்சரிக்கையாக இருந்துவிட்டுப் பொங்கலன்று இலையோடு தூக்கி நாய்க்கு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆப்பிள் பை இதற்கு நேரெதிர். பழத்தில் குற்றமில்லை. விதையையும் நடுத்தண்டையும் நீக்கிவிட்டால் ஆப்பிள் நாய்க்கு நல்ல தீனி. விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்பது உண்மை. தெரியாமல் ஒன்றிரண்டு விழுங்கியதற்காக அலற வேண்டியதில்லை. லவங்கப்பட்டைப் பொடி ஒரு சிட்டிகை இருந்தாலும் தவறில்லை. தொல்லை மேலோட்டில் இருக்கிறது. மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துத்தானே அந்த மொறுமொறுப்பு வருகிறது? நடுத்தரத் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 300 கலோரி. பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது சுமார் 600. நமக்கு மாலைத் தேநீரோடு ஒரு துண்டு, அதற்குப் பாதி நாள் சாப்பாடு. எடை கூடுவது ஒரு புறம் இருக்கட்டும். பழக்கமில்லாத கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். வாந்தி, வயிற்றுவலி, முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது என்று ஆரம்பித்து மருத்துவமனையில் போய் முடியும். மினியேச்சர் ஷ்னாசர் இன நாய்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பையைச் சுடும் முன், வெறும் ஆப்பிள் துண்டு இரண்டைத் தள்ளி வைப்பதே இங்கே சரி.

வாழைப்பழக் கேக் நடுவில் நிற்கிறது. முட்டை, மாவு, பழம் மூன்றும் நாய்க்கு ஒத்துப்போகும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மனிதர்களோடு வாழ்ந்து வந்த வரம். கேக் எப்போது விஷமாகிறது என்றால், நாம் கைவரிசை காட்டும்போது. சாக்லேட் துண்டு தூவினால் ஆகாது. மக்கடேமியா கொட்டை போட்டால் பின்னங்கால் தள்ளாடும். எல்லாவற்றையும் விட, வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்று சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் பொடியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அது சைலிட்டால் என்றால் பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராம் போதும், அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் சுருண்டுவிடலாம். அளவு கூடினால் கல்லீரலும் கெடும். ஒரு தேக்கரண்டிப் பொடி நான்கு கிராமுக்கு மேல் வரும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் பெயர் இல்லாவிட்டால் 967 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில வேர்க்கடலை வெண்ணெய் டப்பாக்களிலும் இது ஒளிந்திருக்கும். இனிப்புக்காகச் சேர்க்கும் ஸ்டீவியா, எரித்ரிட்டால் இரண்டும் இந்த வகையில் சேரா. இவை எதுவும் கலக்காத எளிய வாழைப்பழக் கேக் என்றால், சுண்டுவிரல் நுனியளவு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

இனி நாய்க்கென்றே சுடும் பிஸ்கட். ஒரு கப் கோதுமை மாவு, தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்று, ஒரு முட்டை. சர்க்கரை, உப்பு, வெண்ணெய், ஈஸ்ட் எதுவும் வேண்டாம். முதலில் விரலில் ஒட்டும். இன்னும் கொஞ்சம் மாவு தூவிப் பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும். தேய்த்து நாற்பது துண்டுகளாக வெட்டி, 170 டிகிரியில் அரை மணி நேரம் போலச் சுட்டால் ஒரு துண்டுக்குச் சுமார் 15 கலோரி. தின்பண்டங்கள் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பத்துக் கிலோ நாய்க்கு அது 60 கலோரி, அதாவது நாலு துண்டு. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு இரண்டோடு நிறுத்த வேண்டும். வேகாத மாவை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். நமக்காக ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு நாயின் வயிற்றுக்குள் போனால் அங்கேயே உப்பிப் பெரிதாகும், புளித்துச் சாராயமும் ஆகும்.

என்னைக் கேட்டால், இந்த பிஸ்கட் பாதி நம் திருப்திக்காகத்தான். நாயின் பிறந்தநாள், குழந்தைகளின் ஆசை என்று வந்தால் செய்யலாம். அன்றாடப் பங்குக்கு வெட்டும் பலகையே போதும். நூறு கிராம் ஆப்பிளில் 52 கலோரி, பப்பாளியில் 43, தர்பூசணியில் 30, வாழைப்பழத்தில் 89. கொட்டையும் விதையும் எடுத்த சிறு துண்டுகள் என்றால் போதும். மாங்கொட்டையை நக்கக் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பெரிய நாய் அதை முழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான். சுடுவதற்கு முன்பே பலகையிலிருந்து பங்கு கொடுத்துவிட்டால், மேஜைக்கு வந்த பிறகு தட்டைப் பார்த்துக் கெஞ்சும் பழக்கமும் மெல்லக் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் விருந்தன்று யாரோ ஒருவர் மேஜைக்கடியில் பிளம் கேக்கை நீட்டியிருப்பார். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதாவது வெளியே தெரிய ஓரிரு நாள் பிடிக்கும். உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் தனி ஆபத்து. முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் மருந்து கொடுத்தே வாந்தி எடுக்க வைக்க முடியும். போகும்போது நாயின் எடை, தின்ற நேரம், துண்டின் அளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கேக்கில் என்னென்ன போட்டீர்கள் என்ற பட்டியலையும், ரம்மை மறைக்காமல், எடுத்துச் செல்லுங்கள்.