தெரபிஸ்ட் சான்றிதழா, ஸ்பா டிப்ளமாவா, ஆசானா? களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

கோவளமும் வர்க்கலையும் பஸ் தூரத்தில் இருப்பதால், மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் உழிச்சல் (உடல் பிடித்துவிடும் மசாஜ்) வேலைக்குப் படிக்க நினைப்பவர்கள் அதிகம். அவர்கள் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கேரள ஆயுர்வேத மருத்துவக் கல்வி இயக்ககம் நடத்தும் ஓராண்டு தெரபிஸ்ட் படிப்பு, தனியார் ஸ்பா டிப்ளமா, வர்ம வைத்தியம் தெரிந்த ஊர் ஆசானிடம் கூடமாட நின்று கற்பது. என் ஓட்டு முதலாவதற்கு. காரணங்களைச் சொல்கிறேன்.

ஸ்பா டிப்ளமா சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் முடிந்துவிடும். ஸ்வீடிஷ், அரோமா, சுடுகல், உடல் ஸ்கரப் எல்லாம் உண்டு. துண்டை விலக்கி மூடும் ஒழுங்கு, அழுத்தம் போதுமா என்று விருந்தினரிடம் கேட்கும் பழக்கம், கொஞ்சம் ஆங்கிலம் ஆகியவற்றை இங்கே கற்றுக்கொடுப்பதுபோல வைத்தியசாலைகளில் கற்றுக்கொடுப்பதில்லை. அதை மறுக்க முடியாது. வெளிநாடு போக நினைப்பவருக்கு 1946இல் தொடங்கிய சிடெஸ்கோ என்ற சர்வதேச அழகுக்கலை அமைப்பு போன்றவற்றின் டிப்ளமாவுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் நம் கடைத்தெரு மாடியில் தொங்கும் 'இன்டர்நேஷனல்' போர்டு வேறு சங்கதி. அந்தச் சொல்லை எழுதப் பெயின்ட் செலவு மட்டும்தான். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஸ்பா தெரபிஸ்ட் என்ற பணிக்கே தனித் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு அனுப்பாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

ஆயுர்வேதப் படிப்பில் கைக்கு வேலை அதிகம். பிழிச்சில் என்ற தைல சிகிச்சைக்கு மேசையின் இருபுறமும் நிற்பவர்கள் ஒரே தாளத்தில் நகர வேண்டும். வெதுவெதுப்பான தைலத்தில் துணியை முக்கி, கட்டைவிரல் வழியே இழையாக வழியும்படி ஒரு கையால் பிழிந்துகொண்டே மறு கையால் தடவ வேண்டும். ஒருவர் கை முந்தினாலும் படுத்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நெற்றியில் தைலத்தை ஒழுகவிடும் சிரோதாராவில் பாத்திரம் நெற்றிக்கு நான்கு விரற்கடை உயரத்தில் நிற்க, தாரை அறாமல் விழ வேண்டும். அரிசி மூட்டையால் ஒத்தடம் கொடுக்கும் ஞவரக்கிழிக்கு, ஞவர அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி மூலிகைக் கஷாயத்திலும் வேகவைத்து மூட்டை கட்டுவது முதல், சூட்டைப் புறங்கையில் பார்த்து வைப்பது வரை எல்லாம் தெரபிஸ்டின் பொறுப்பு. இதையெல்லாம் நாற்பது நாள் வகுப்பில் ஏற்றிவிட முடியும் என்பவரை நான் நம்பமாட்டேன்.

வேலைச் சந்தையும் இந்தப் பக்கமே சாய்கிறது. கேரளச் சுற்றுலாத் துறையின் அங்கீகாரம் பெற விரும்பும் ஆயுர்வேத மையத்தில், பட்டம் பெற்ற மருத்துவரின் மேற்பார்வையும், முறையாகப் படித்த தெரபிஸ்டுகளும் இருந்தாக வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது விதி. ஆகவே படித்த பெண்களுக்கு இடம் எப்போதும் உண்டு. வகுப்பு மலையாளத்தில் நடந்தாலும் நம் எல்லைப் பிள்ளைகளுக்கு அது பெரிய தடையல்ல. ஆனால் இட ஒதுக்கீட்டில் கேரளத்தில் பிறந்தவர், வசிப்பவர் என்ற நிபந்தனை உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள்.

ஆசானைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குமரி மாவட்டத்தில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று உடலின் 108 வர்ம (உயிர்நிலை) இடங்களும், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கும் ஒன்பது வகைத் தொக்கணமும் (சித்த மருத்துவ மசாஜ்) எந்த டிப்ளமாவிலும் கிடைக்காத செல்வம். அவரிடம் படித்தவன் விரலுக்குச் சதை எங்கே இறுகியிருக்கிறது என்று தெரியும். குறை ஒன்றுதான்: ரிசார்ட்டின் ஆள்சேர்ப்பு மேசையில் நீட்ட ஒரு காகிதம் கிடையாது. வர்மத்தை ஆசான் எளிதில் திறந்து காட்டுவதுமில்லை, காட்டவும் கூடாது; தெரியாத கை பட்டால் ஆபத்து.

எனவே சான்றிதழுக்குத் தெரபிஸ்ட் படிப்பு, கைக்கு விடுமுறை நாட்களில் ஆசான். ஸ்பா முறைகளை வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம். பெரிய ஹோட்டல்கள் தாங்களே பயிற்சி தருகின்றன. இன்னொரு கணக்கும் உண்டு. கடற்கரை ஸ்பாவுக்கு டிசம்பர், ஜனவரிதான் கூட்டம். மழைக்காலத்தில் மேசை காய்ந்து கிடக்கும். வைத்தியசாலைக்கோ அதே மழையில் மலையாளக் கர்க்கடக மாதச் சிகிச்சைக்கு, அதாவது நம் ஆடி மாதம் முழுவதும், உள்ளூர்க்காரர்களே வரிசையில் நிற்பார்கள்.