ராயல் கிராமாவா டாட்டிபேக்கா என்று பார்த்துச் சொல்லும் கொளத்தூர் கடை

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் தொட்டியில் வளர்க்கிற கடல் மீன் என்று வந்தால் நம்பி வாங்கக்கூடிய இடம் ரொம்பக் குறைவு. நான் சொல்லப்போவது மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் இருக்கிற சின்னக் கடை. போர்டுகூடப் பாதி மங்கிப்போயிருக்கும். ஆனால் மீனின் பெயரைச் சரியாகச் சொல்லி விற்கிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

ஏன் என்றால், அதே வட்டாரத்தில் வேறொரு கடையில் 'ராயல் கிராமா' என்ற கடல் மீனின் பெயரை எழுதி ஒட்டி, கிராமா விலையே சொல்லி ஒரு மீனைக் காட்டினார்கள். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், விரல் நீளம்கூட இல்லை, பார்க்க அவ்வளவு அழகு. போட்டோ எடுத்துக்கொண்டு போய் இந்தக் கடை அண்ணனிடம் காட்டினேன். போனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது கிராமா இல்லப்பா, அதே மாதிரி நிறத்துல இருக்கிற டாட்டிபேக்னு வேற மீன். மேல் துடுப்புல கறுப்புப் புள்ளி எங்க, காட்டு பார்ப்போம்" என்றார்.

அப்புறம் தன் தொட்டியில் இருந்த இரண்டையும் காட்டினார். அதற்கு முன்னால் நீல லைட்டை அணைத்துவிட்டு வெள்ளை லைட்டைப் போட்டார். இதைக் கவனியுங்கள், வெறும் நீல வெளிச்சத்தில் இந்த மீன்களின் நிஜ நிறமே தெரியாது. எந்தக் கடையிலும் வெள்ளை லைட் போடச் சொல்லிப் பாருங்கள். கிராமாவுக்கு ஊதாவும் மஞ்சளும் நடு உடம்பில் புள்ளி புள்ளியாக ஒன்றில் ஒன்று கலந்து மாறும். வாயிலிருந்து கண் வழியாக ஒரு கருங்கோடு ஓடும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் கறுப்புப் புள்ளி இருக்கும், வயிற்றுத் துடுப்புகள் நீளமாக, ஊதாவாகத் தொங்கும். டாட்டிபேக்கில் கத்தியால் வெட்டி ஒட்டியது மாதிரி இரண்டு நிறமும் நேர்கோட்டில் பிரியும், துடுப்புகளில் பெரும்பகுதி நிறமில்லாமல் கண்ணாடியாகத் தெரியும், அந்தக் கோடும் புள்ளியும் கிடையாது.

இரண்டும் சொந்தக்கார மீன்கள்கூட இல்லை, குடும்பமே வேறு. கிராமா கரீபியன் கடல், பஹாமாஸ் பக்கத்துப் பவளப்பாறைகளில் குகை, பொந்து, பாறை விளிம்புக்கு அடியில் வாழ்வது. குகையின் கூரையை ஒட்டித் தலைகீழாக நீந்தும், அதனால் தொட்டியில் அப்படி நின்றால் சாகப்போகிறது என்று பதற வேண்டாம். டாட்டிபேக் இந்தோனேசியா பக்கம். கிராமாவை ராமேசுவரத்தில் பிடித்தது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிற்காதீர்கள்.

பெயர் மாறினால் என்ன, அழகுதானே என்று விட முடியாது. டாட்டிபேக் முரட்டு மீன். சின்னத் தொட்டியில் தன்னைவிடச் சாதுவான மீன்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். கிராமா தன் பொந்துக்குப் பக்கத்தில் வருகிறவனிடம் வாயை அகலத் திறந்து மிரட்டுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும். க்ளவுன் மீன் ஜோடி வைத்திருப்பவர்கள் அவசியம் யோசிக்க வேண்டிய விஷயம் இது, இங்கே அதைக் கேட்காமலே சொல்கிறார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது: உயிர்ப் பவளம் கேட்டால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள். நம் கடல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பதும் விற்பதும் குற்றம். கிராமாவுக்குத் தேவை ஒளிந்துகொள்ள இடம்தான், பொந்து வைத்த செராமிக் கல்லே போதும் என்று அதைத்தான் தருகிறார்கள்.

மீன் தீனி எடுக்கிறதா என்று கேட்டதும் உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துப் போட்டுக் காட்டினார். பொந்திலிருந்து பாய்ந்து வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது. அதன் பிறகுதான் காசு கொடுத்தேன். ஆக்சிஜன் அடைத்து இரட்டைப் பையில் போட்டு, வெளிச்சம் படாமல் செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தார்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்றும் கேட்டார், கிராமா துள்ளி வெளியே விழுந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. இடம் நெருக்கடி, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டத்தில் அண்ணனிடம் நின்று பேச முடியாது. பேரம் எடுபடாது. வண்டி நிறுத்த இடமே இல்லை, பைக்கில் போவது நல்லது. கிராமா எப்போதும் இருக்காது, சரக்கு வந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், வார நாளில் மத்தியானம் போனால் தொட்டி தொட்டியாக நின்று பார்க்கலாம்.