சீப்பு வழுக்கும் டிரிம்மரும் என் கழுத்தும்: நாலரை வருட அனுபவம்

போன சனிக்கிழமை என் தாடி டிரிம்மரைத் திருத்தி வாங்கி வந்தேன். ஹட்டன் டவுனில் ரேடியோ, டோர்ச், கேத்தல் என்று எல்லாம் திருத்துகிற சின்னக் கடை. உள்ளே இருந்த ரீசார்ஜ் பெட்டரி செத்துப்போயிருந்தது. கடைக்காரர் மெஷினைப் பிரித்து, பழைய பெட்டரியைக் கழற்றி, அதே அளவில் 1.2 வோல்ட் பெட்டரி ஒன்றுக்கு இரண்டு முனையிலும் ஈயம் வைத்துப் பொருத்திக் கொடுத்தார். 1,200 ரூபா. அரை மணி நேர வேலை. இப்போது மோட்டார் முதல் நாள் ஓடியது போல ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு முடி மிஞ்ச வேண்டும் என்று அளவு பிடிக்கிற சீப்பை 1 மில்லிமீட்டரில் வைத்துக் கழுத்தில் ஓட்டினேன். பாதி வழியில் 'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் சீப்பு 0.5க்கு இறங்கியிருக்கிறது. பெட்டரி மாறிவிட்டது, இந்தக் குறை மட்டும் மாறவில்லை.

அன்று ராத்திரியே மாமா மகன் வட்ஸ்அப்பில் தன் கழுத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். தாடைக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாகப் பொரிப்பொரியாக இருந்தது. "அண்ணே, ஒங்களுக்கும் இப்படித்தானே இருந்துச்சு? நீங்க பாவிக்கிற மெஷின் பேரு என்னா, நானும் வாங்கவா?" கொழும்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் முகம் வழித்துவிட்டுத்தான் டியூட்டியில் நிற்க வேண்டுமாம். அவனுக்கு எழுதத் தொடங்கியதுதான் இது.

எங்கள் குடும்பத்தில் ஆம்பிளைகளுக்கு எல்லாம் சுருட்டை முடி. தாடியும் அப்படித்தான். எனக்குப் பதினெட்டு வயதில் முதல் தடவை வழித்த மறுவாரமே கழுத்தில் பொரிகள் வந்தன. ஊரில் எல்லாரும் பரு என்றார்கள், சூடு என்றார்கள், பிளேட்டில் துரு என்றார்கள். அப்பா சீனாக்காரக் கல்லை, அதாவது படிகாரத்தை, நனைத்துத் தேய்க்கச் சொன்னார். எரியும், கொஞ்சம் அடங்கும், மறுநாள் திரும்ப வரும்.

அது பரு அல்ல என்று எனக்குத் தெரிந்தது ஒரு காலையில்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. தலவாக்கலையிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, கேத்தல் சுடுதண்ணியில் துண்டை நனைத்துக் கழுத்தில் வைத்திருந்தேன். துண்டை எடுத்ததும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒரு பொரி தெளிவாகத் தெரிந்தது. அதன் நடுவே கறுப்பு நூல் ஒன்று சின்ன வளையமாக நின்றது. ஒரு முனை முடியின் துளையிலிருந்து புறப்பட்டு வளைந்து, நெல்லின் அகலம்கூட இல்லாத தூரத்தில் மறுபடி தோலுக்குள் இறங்கியிருந்தது. என் சொந்த முடியே எனக்கு முள்ளாகக் குத்தி நின்றது.

அப்பா கவ்வாத்து வெட்டியவர். கவ்வாத்துக் கத்தியால் சரிவாக ஒரே வெட்டு விழுந்த தேயிலைக் கிளையில் கை பட்டால் எப்படிக் குத்தும் என்று தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளேட் வெட்டிய முடியின் நுனியும் அதே மாதிரிச் சரிவான கூர். நேர்முடி என்றால் அந்தக் கூர் நேராக வெளியே போய்விடும். சுருள்முடி வளைந்து திரும்பித் தோலைக் குத்தும். மூன்று பிளேட், ஐந்து பிளேட் ரேசரில் இன்னொரு கேடும் உண்டு. முதல் பிளேட் முடியை இழுத்துத் தூக்கும்போதே அடுத்தது வெட்டிவிடும். மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழே உள்வாங்கி, வெளியே வராமலேயே துளையின் சுவரைக் குத்தும். தோலை விரலால் இழுத்துப் பிடித்து வழித்தாலும், முடி வளரும் திசைக்கு எதிராக வழித்தாலும் இதுவேதான் நடக்கும். உடம்பு அந்த முடியை வெளியாள் என்று நினைத்து எதிர்க்கிறது. அந்த வீக்கம்தான் பொரி. கிருமி பிறகுதான் வந்து சேரும், சில சமயம் வராமலே போகும். கிருமிக்கொல்லிக் களிம்பை மட்டும் எத்தனை மாதம் பூசினாலும் ஏன் தீராது என்பது இதிலேயே விளங்கும்.

இது தெரியாமல் நான் தொலைத்த வருடங்கள் கொஞ்சமல்ல. ஒரு பாமசியில் சீட்டு இல்லாமலே ஒரு டியூப் கொடுத்தார்கள். பூசிய மூன்றாம் நாள் கழுத்து பளிச்சென்று ஆனது. நானும் மகிழ்ந்து நான்கு மாதம் பூசினேன். வீரியமான ஸ்டீரோயிட் கலந்த மருந்து என்று பிறகுதான் தெரிந்தது. தோல் மெலிந்து, கழுத்தில் சிவப்பு நரம்பு கோடு கோடாகத் தெரியத் தொடங்கியது. நிறுத்தியதும் பொரிகள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தன. என்ன மருந்து, எத்தனை நாள் பூசலாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

விடிவு வந்தது ஐயப்பனால். 2019 கார்த்திகையில் மாலை போட்டேன். 41 நாள் விரதம், சவரம் கிடையாது. முதல் பத்து நாள் கழுத்து நமைச்சலில் கொதித்தது. விரதம் இல்லையென்றால் கட்டாயம் வழித்திருப்பேன். மூன்றாம் வாரம் நமைச்சல் அடங்கியது. மலைக்குப் போய்வந்து மாலை கழற்றிய அன்று தாடிக்குள் விரலை விட்டுத் தடவினால் ஒரு பொரிகூட இல்லை. சாமி காரியம் என்றுதான் நினைத்தேன். பக்தியில் எனக்குக் குறைவில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதன் வழியும் விளங்கிவிட்டது. முடி சுமார் 1 சென்ரிமீட்டர் வளர்ந்தால் வளையத்தின் விசை தாங்காமல் உள்ளே புதைந்த நுனி தானே வெளியே எழும்பிவிடும். தாடி அந்த நீளம் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மறுநாள் சலூனில் உட்கார்ந்து 'நல்லா ஒட்ட எடுங்கண்ணே' என்று சொல்லி எதிர்முகமாகவும் ஒரு தடவை வழித்துக்கொண்டேன். இரண்டே வாரத்தில் எல்லாம் பழையபடி.

2021இல் கண்டியில் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். காலையிலிருந்து வரிசையில் நின்று, டொக்டர் பார்த்தது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் என் பத்து வருடத்துக்குப் பதில் சொன்னது. "ஒட்ட வழிக்காதீங்க. மெஷின் போட்டு ஒரு மில்லிமீட்டர் விடுங்க. அது தோலுக்கு மேல நிக்கும், உள்ள போகாது." அதோடு ராத்திரிக்கு 0.1 சதவீத அடாபலீன் என்ற பூச்சு மருந்து, பட்டாணி அளவு, முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். காலையில் 5 சதவீத பென்சோயில் பெரொக்சைட் போட்டுக் கழுவ வேண்டும். இரண்டும் வேலை செய்தன. அடாபலீன் முதலில் தோலை உரிக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பென்சோயில் பெரொக்சைட் துணியை வெளுக்கும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என் நீல யூனிபோர்ம் சட்டையின் கொலர் தப்பியிருக்கும்.

அந்த வாரமே டிரிம்மரை வாங்கினேன், 6,500 ரூபாவுக்கு. நாலரை வருடம் ஆகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மை. ஆறு மாதத்தில் கழுத்தில் புதுப் பொரி வருவது ஏறக்குறைய நின்றுபோனது. கறுப்புத் தழும்புகள் மங்க ஒன்றரை வருடம் எடுத்தன, ஆனாலும் மங்கின. நம் நிறத்தில் வீக்கம் போனாலும் கறை லேசில் போகாது, வெயில் பட்டால் இன்னும் நாளாகும். சட்டைக் கொலர் உரசினால் எரியாத கழுத்து எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். ஒரு நாள் டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ரம்பொடையில் இருக்கும் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய் இறங்கும்வரை கை ஒரு தடவைகூடக் கழுத்துக்குப் போகவில்லை. அதை உணர்ந்தபோது கண் கலங்கிவிட்டது. பிளேடும் பெரிசாக உழைத்திருக்கிறது. வாரம் ஒரு துளி எண்ணெய் விடுவேன், வேறு பராமரிப்பு இல்லை. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களிலும் ஒரு சார்ஜில் இரண்டு வாரம் ஓடியது. டொலர் ஏறிய அந்த வருடத்தில் இதே மெஷினின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியபோது, முன்பே வாங்கியதற்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். குளிர் காலத்தில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். அது எங்கள் ஊர்க் குளிரின் குணம், மெஷினைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தச் சீப்பு! மெஷினின் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. திருப்பினால் சீப்பு ஏறி இறங்கும், அரை மில்லிமீட்டருக்கு ஒரு பல். அந்தப் பல்லைப் பிடித்து நிறுத்துவது நகத்தளவு பிளாஸ்டிக் கொக்கி ஒன்று. எட்டாவது மாதத்தில் அதன் முனை தேய்ந்தது. அதிலிருந்து தாடை எலும்பு திரும்புகிற இடத்தில் கொஞ்சம் அழுத்தினாலே 1 என்பது 0.5 ஆகிவிடும். கன்னத்தில் அரை மில்லிமீட்டர் எனக்கு ஒன்றும் செய்யாது. கழுத்தில் அப்படியல்ல. முடி சுழியாக வளரும் அந்த இடத்தில் அரை மில்லிமீட்டரில் ஒரு இழுப்பு விழுந்தால் நாலாம் நாள் அங்கே மூன்று பொரி நிற்கும். எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் விடுவதற்காகவே வாங்கிய மெஷின் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடித்து நிற்காது என்றால் மற்றச் சிறப்பெல்லாம் எதற்கு? சீப்பு மட்டும் தனியாக வாங்கலாமா என்று வாங்கிய கடையில் கேட்டேன். முழு மெஷினாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். முப்பது ரூபா பெறாத பிளாஸ்டிக்குக்கு நான் இன்னொரு மெஷின் வாங்க வேண்டுமாம். இப்போது சக்கரத்தின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுகிறேன். தினமும் புது டேப்.

ஆகவே தம்பிக்கு எழுதிய பதில் இது. என் மெஷினின் பெயரைச் சொல்லமாட்டேன், நீ இதை வாங்காதே. சக்கரம் வைத்த சீப்பு எதையும் வாங்காதே. தனித்தனியாக மாட்டிக் கழற்றுகிற, அளவு மாறாத சீப்பு உள்ளதாகப் பார். 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் சீப்பு பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்கு.

மெஷினுக்கு முன்னால் ஒரு மாதம் வழிக்காமல் இரு. விடமாட்டார்கள் என்கிறாய். தோல் டொக்டரிடம் போய் ஒரு கடிதம் கேள். எனக்கு ஹோட்டலில் முதலில் முகம் சுளித்தார்கள், கடிதத்தைப் பார்த்ததும் ஒரு மில்லிமீட்டர் தாடிக்குச் சரி என்றார்கள். அமெரிக்க ராணுவத்திலேயே இந்த வருத்தத்துக்கு டொக்டர் எழுதிக் கொடுத்தால் பல வருடமாகச் சவரத்துக்கு விலக்கு இருந்தது, 2025இல்தான் அதை இறுக்கினார்கள். ஒரு கேட்டுக்குக் காவல் நிற்க ஏன் முடியாது? வழித்தே ஆக வேண்டிய நாளில் சுடுதண்ணித் துண்டை ஐந்து நிமிடம் வை, ஜெல் பூசி இரண்டு நிமிடம் ஊறவிடு, ஒற்றைப் பிளேட்டால் முடி போகிற திசையிலேயே ஒரு தடவை இழு. தோலை இழுத்துப் பிடிக்காதே. சலூனில் என்றால் கண் முன்னால் புது பிளேட் மாற்றச் சொல், இதில் கூச்சப்படாதே.

ஊக்கால் தோண்டாதே. உன் படத்தில் இடது பக்கம் இரண்டு இடத்தில் தோண்டிய காயம் தெரிகிறது. வளையம் வெளியே தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்த ஊசியால் அதைத் தூக்கிவிடு. பிடுங்காதே, பிடுங்கினால் அடுத்த முடி உள்ளேயிருந்தே கூராகக் கிளம்பும். சீழ் வைத்தாலோ, வட்டமாகச் செதில் விட்டுப் படர்ந்தாலோ அது வேறு வியாதியாக இருக்கலாம், உடனே டொக்டரிடம் காட்டு. பாமசியில் சீட்டில்லாமல் எந்த டியூப் கொடுத்தாலும் பேரை எனக்கு அனுப்பிவிட்டுப் பூசு. முடியின் வேரை அழிக்கிற லேசரைப் பற்றியும் கேட்டிருந்தாய். நம் நிறத்துக்கு 1064 நனோமீட்டர் என்டி-யாக் வகைதான் பாதுகாப்பு. பல தடவை போக வேண்டும், செலவும் பெரிசு. அதைப் பிறகு பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே வெளிச்சத்தில் கழுத்தைப் படமெடுத்து அனுப்பு. முதல் பத்து நாள் நமைக்கும்போது போன் பண்ணு, நான் எடுக்கிறேன்.