பழைய ராணுவ ரைஃபிள்: .303-ஆ, இஷாப்பூர் 2ஏ1-ஆ?

சென்னையில் பழைய லீ-என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) ஜாடையில் எதைக் கண்டாலும் ‘வெள்ளைக்காரன் காலத்து த்ரீ நாட் த்ரீ (.303)’ என்று சொல்லிவிடுவார்கள். 1960-களில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த 2ஏ1-உம் அந்தப் பெயரில் மாட்டிக்கொள்கிறது. அது .303-ஐ மாற்றியமைத்ததல்ல, 7.62 மி.மீ. தோட்டாவுக்காகவே புதிதாகச் செய்தது.

தூரத்திலிருந்தே மேகசினை (தோட்டாப் பெட்டியை) பாருங்கள். .303-இல் அடிப்பாகம் சாய்ந்திருக்கும். 2ஏ1-இல் சதுரப் பெட்டி போல் இருக்கும். பின் குறிமுள்ளில் பொறித்த தூர அளவு .303-க்கு 2000 கெஜம் வரை, 2ஏ1-க்கு 800 மீட்டர் வரை.

பிறப்பிடம் தெரிய, போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடிக்குப் பின்னால், மரக்கட்டையைக் கவ்வும் இரும்பு வளையத்தின் வலப்பக்க முத்திரையைப் படியுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். கிரீடம் இருந்தால் இங்கிலாந்து என்று முடிவுகட்டக் கூடாது: 1947-க்கு முன் இஷாப்பூரும் கிரீடம்தான் பொறித்தது. அதன் கீழுள்ள பெயரே சாட்சி: என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ. (இரண்டும் இங்கிலாந்து), லித்கோ (ஆஸ்திரேலியா), இஷாப்பூர். 2ஏ1-இல் ‘7.62’ என்றும் ஆர்.எஃப்.ஐ. (இஷாப்பூர் ரைஃபிள் ஆலை) என்றும் ஆண்டோடு இருக்கும்.

குழல், போல்ட், ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பாகம்) எண்கள் ஒத்துப்போகாவிட்டால் பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாக இருக்கலாம். போல்ட் மாறியிருந்தால் தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே இடைவெளி கூடி, வெடிக்கும்போது தோட்டாக்கூடு கிழியலாம். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அந்த இடைவெளியை அளந்து பார்க்காமல் சுடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றிக் கையில் வைத்திருப்பதே குற்றம். சென்னை மாநகரில் உரிமம் தருபவர் காவல் ஆணையர்.